ஓடாத வண்டிகளின் சங்கம்

பினாங்கில் சங்கங்களுக்குக் குறைவில்லை. கிரிக்கெட் ஆடச் சங்கம், நாய் வளர்க்கச் சங்கம், குடிக்கச் சங்கம், குடியை ஒழிக்கச் சங்கம் என்று எல்லாம் உண்டு. கடைசி இரண்டுக்கும் ஒரே ஆள் பொக்கிஷதாராக இருந்த காலமும் உண்டு. இவற்றால் ஊருக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. ஆனால் நார்தாம் ரோட்டில், கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் கூடிவந்த முதிய மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சங்கத்தைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வாரப் பத்திரிகையின் நிருபராக அதன் கூட்டங்களுக்குப் போய்வந்தவன் நான். அந்தச் சங்கத்தின்மேல் எனக்கிருக்கும் வெறுப்பு இரவல் வாங்கியதல்ல.

அது 1932. ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சங்கத்தார் கவலைப்பட்டது பித்தளை விளக்குகளைப் பற்றி. இருபத்தைந்து வயது நிறைந்த காரைத்தான் அவர்கள் கார் என்று ஒத்துக்கொள்வார்கள். மர ஆரக்கால் வைத்த சக்கரங்கள், கார்பைடு விளக்குகள், ரப்பர் பந்தை அமுக்கினால் ஊதும் கொம்பு, வெடித்துப்போன தோல் இருக்கை, அந்தத் தோலின் வாசனை இவற்றையெல்லாம் பற்றிப் பேசும்போது அவர்களுக்குக் குரல் தழுதழுக்கும். ஒரு காரின் மட்கார்டைத் தடவிக்கொண்டே ஓர் உறுப்பினர் கண்ணீர் விட்டதை நானே பார்த்தேன். காய்ச்சலில் படுத்துவிட்டான் என்பதற்காகத் தோட்டக்காரனை அன்று காலையில்தான் அவர் வேலையை விட்டு நீக்கியிருந்தார்.

சங்கத்தின் தலைவர் கர்னல் விட்டேகர். எந்தப் போரில் கர்னல் ஆனார் என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன், பதிலுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். செயலாளர் ஷேக் அலாவுதீன், கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் பெரிய வியாபாரி. அவரிடம் பழைய கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட நகராது. அவற்றைப் பார்க்க அவர் தினமும் புத்தம்புது அமெரிக்கக் காரில் போய்வந்தார். அவருடைய பெருமையெல்லாம் ஒரு டயரில் இருந்தது. அந்த டயருக்கு லண்டனில் காற்றடித்தார்களாம், பிறகு திறக்கவே இல்லையாம். விருந்தாளிகளை அழைத்துப்போய், "இதுக்குள்ள இருக்கறது ஏழாம் எட்வர்டு ராஜா காலத்து லண்டன் காத்து" என்பார். விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றுவார்கள்.

இனி அர்ஜுனனைப் பற்றிச் சொல்லவேண்டும். டத்தோ கிராமாட்டில் குடியிருந்த வாடகைக் கார்க்காரர். பேர்தான் அர்ஜுனன், தேரோட்ட வேறு ஆள் கிடைக்காததால் அதையும் அவரே செய்தார். அவருடைய வண்டி 1907-ல் பிரான்ஸ் தேசத்தில் செய்தது. ஒரு தோட்டத்துரையின் கோழிக்கொட்டகையில் கிடந்ததை, உள்ளே அடைகாத்த கோழியைக் கிளப்பிவிட்டு வாங்கிவந்தார். அதன் பேர் யாருக்கும் வாயில் நுழையாததால் அவருடைய மனைவி நல்லம்மாள் அதற்குப் பிரெஞ்சுக்காரி என்று பேர் வைத்தாள். சக்களத்தியைப் பேசும் குரலில்தான் அதைச் சொல்வாள். அந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று அர்ஜுனனுக்கும் சரியாகத் தெரியாது. நின்றுவிட்டால் இரண்டு தட்டுத் தட்டித் திட்டுவார். அது கிளம்பிவிடும். சக்கரங்கள் உயரம் என்பதால், புதுக் கார்கள் வயிறு தட்டி நிற்கும் செம்மண் தடத்திலும் அது போகும்.

அந்த உயரத்துக்கு அப்போது ஒரு தேவை இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் தனலெட்சுமியைக் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வேலையாட்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் டாக்டர் கிடையாது. ரயிலடிக்கு வருவதென்றால் மாட்டுவண்டிதான். முந்தின வருஷம் மாட்டுவண்டியில் வந்த பக்கத்து லயத்துப் பெண் வழியிலேயே போய்விட்டாள். வாடகைக்கு வேறு காரைக் கேட்டால், அந்தத் தடத்தில் வர எந்த டிரைவரும் தயாரில்லை. அதனால் மாசம் நெருங்கும்போது பிரெஞ்சுக்காரியில் போய் அழைத்துவருவது என்று பேசிவைத்திருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் ஷேக் அலாவுதீன் ஃபெர்ரித் துறையில் அந்த வண்டியைப் பார்த்தார்.

அமெரிக்கக் காரிலிருந்து இறங்கினார். தலையிலிருந்த சொங்கோத் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, விளக்கை முகர்ந்து பார்த்தார். அர்ஜுனன் பிரயாணி என்று நினைத்துக் கதவில்லாத இடத்தில் கதவைத் திறப்பதுபோல் கையை நீட்டினார்.

"எங்க போவணும் மொதலாளி? ஆயர் ஈத்தாமா? ஏறுங்கலா."

"இது ஓடுதா?" என்றார் அலாவுதீன்.

"ஓடுதுங்க."

"தெனமுமா?"

தாயை அடிக்கிறாயாமே என்று கேட்பது மாதிரி இருந்தது. அர்ஜுனனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழம மட்டும் மத்தியானம்வரைக்கும் ஓட்றதில்லைங்க" என்றார், பயந்துபோய்.

மறுவாரம் அவரைப் பங்களாவுக்கு அழைத்தார்கள். வண்டியோடு வரச் சொன்னார்கள். நல்லம்மாள் வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். மெடல் தருவார்கள், மெடல் இருந்தால் ஃபெர்ரித் துறையில் நல்ல சவாரி கிடைக்கும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள். மெடல் கொடுத்தது உண்மை. அதைக் கார் மூக்கில் மாட்டினார்கள். சங்கத்தில் உறுப்பினர் ஆனது கார்தான். அர்ஜுனன் "உடன் வந்தவர்". உறுப்பினர்கள் வண்டியைச் சுற்றி நின்று அதன் மாசுகளை எண்ணி உச்சுக்கொட்டினார்கள். ரேடியேட்டரில் விபூதிப்பட்டை. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பின் இருக்கையில் கோணிச்சாக்கு. எல்லாவற்றையும்விடப் பெரிய மாசு, இயந்திரம் சூடாக இருந்தது.

பிறகு கர்னல் பேசினார். அலாவுதீன் தமிழில் சொன்னார். நான் எழுதிக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

"கனவான்களே, பயன்படுகிற பொருளை நேசிப்பது கீழ்மக்கள் வழக்கம். எனக்குப் பயன்படும் எதையும் நான் நேசித்ததில்லை. என் சமையற்காரன் பதினைந்து வருஷமாகச் சமைக்கிறான், அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த விளக்கைப் பாருங்கள்! இது எதையும் காட்டாது. வெளிச்சம் தராது. அதனால்தான் இது அழகு. ஒரு கார் ஓடும்வரை அது வெறும் வண்டி. அது நின்ற நாளிலிருந்துதான் அதற்கு மரியாதை பிறக்கிறது. இந்த ஏழை மனிதர் அந்த மரியாதையை அதற்கு இத்தனை வருஷமாக மறுத்துவந்தார். நாம் அவரை மன்னிக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தம்மை மன்னித்ததற்காக அர்ஜுனனும் தட்டினார். அப்போது கர்னல், ஒரு பழைய விளக்கின் பித்தளை மூடியில் தேநீர் ஊற்றித் தம் கையாலேயே நீட்டினார். நல்ல வெயில். அர்ஜுனனுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று மூடியைத் திருப்பி நீட்டினார். கர்னல் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தொட்டார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். தலைவர் கையால் விளக்கு மூடியில் தரும் தேநீரைக் குடித்து முடித்தவர், தம் காரைச் சங்கத்தின் காவலில் விட்டவர். எழுத்தும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கனவான்களுக்குள் அது போதும். அர்ஜுனன் கனவான் இல்லை என்பதை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் மறந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தவர் சங்கத்தின் வரலாற்றிலேயே அவர்தான். எனவே அவருடைய ஆர்வம் பாராட்டுக்குரியது என்று குறித்துக்கொண்டு, வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, கொசுவலை போட்டு மூடினார்கள்.

அவர் டத்தோ கிராமாட்டுக்கு நடந்தே வந்தார்.

"வண்டி எங்க?" என்றாள் நல்லம்மாள்.

"சங்கத்துல இருக்கு. மரியாதையா வெச்சிருக்காங்க."

"எப்பத் தருவாங்க?"

"தரமாட்டாங்களாம் புள்ள. நான் டீ குடிச்சிட்டேனாம்."

நல்லம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கள்ளு குடிச்சு வீட்டை வித்தவனைப் பாத்திருக்கேன். டீத்தண்ணி குடிச்சு வண்டியக் குடுத்துட்டு வந்த ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன். எம்மவ அங்க வவுத்தத் தள்ளிக்கிட்டு வழியப் பாத்துக் கெடக்கா. அவளை யாரு போய்த் தூக்கியாருவா? அந்தத் தொரையா?"

சங்கத்தில் இதற்குள் பிரெஞ்சுக்காரியைப் பரிசுத்தம் செய்யும் வேலை மும்முரமாக நடந்தது. 1907-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் எது இருந்ததோ அது மட்டும்தான் இருக்கலாம் என்பது விதி. விபூதியைச் சுரண்டினார்கள். எலுமிச்சம்பழத்தை இடுக்கியால் எடுத்தார்கள். கோணிச்சாக்கை எரித்தார்கள். தொட்டியில் இருந்த பெட்ரோல் அந்த மாதம் வாங்கியது என்று தெரிந்ததும் அதைக் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டார்கள். பிறகு டயருக்குள் இருக்கும் காற்றைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியது. இதற்கென்று தனிக் கூட்டமே கூடியது. அர்ஜுனனுக்கு ஆள் அனுப்பினார்கள். வண்டியைத்தான் திருப்பித் தரப்போகிறார்கள் என்று அவர் ஓடிவந்தார்.

"அர்ஜுனா, யோசிச்சுச் சொல்லு. இந்த டயர்ல இருக்கறது எந்த ஊர்க் காத்து?" என்றார் அலாவுதீன்.

"டத்தோ கிராமாட் காத்துங்க. நம்ம பஷீர் பாய் சாப்பாட்டுக்கடை வாசல்ல வெச்சு அடிச்சது."

கூட்டம் முனகியது. ஓர் உறுப்பினர் முகத்தை மூடிக்கொண்டார். மாட்டுக்கறி சால்னா வாடை கலந்த காற்றா என்று ஒருவர் கேட்டார். காலை நேரத்தில் அடித்ததால் ரொட்டி வாடைதான் இருக்கும் என்றார் அர்ஜுனன், உள்ளதை மறைக்காமல். அந்தக் காற்றை வெளியேற்றினார்கள். கர்னல் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

அதே வாரம் தாசேக் கெலுகோரிலிருந்து காய்கறி ஏற்றிவந்த ஒரு வண்டிக்காரர் பஷீர் கடையில் செய்தி சொன்னார். தனலெட்சுமிக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டதாம். தலைசுற்றி விழுந்தாளாம். மாட்டுவண்டியில் ஏற்றினால் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். நல்லம்மாள் இதைக் கேட்டு அழவில்லை. புருஷனை நார்தாம் ரோட்டுக்குத் துரத்தினாள்.

அர்ஜுனன் அலாவுதீன் காலைத் தொட்டுக் கேட்டார். "ஒரே ஒரு நாள் குடுங்க மொதலாளி. மவளக் கூட்டியாந்து வூட்டுல வுட்டுட்டு, தொடச்சுக் கொண்டாந்து நிறுத்திடறேன். நீங்களும் புள்ளகுட்டிக்காரரு."

அலாவுதீன் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவர். அர்ஜுனனை எழுப்பி உட்காரவைத்து, மிகவும் பொறுமையாக விளக்கினார்.

"இங்க பாரு அர்ஜுனா. புள்ளைங்க தெனம் பொறக்குது. ஒங்க லயத்துல மழைக்காலத்துல காளான் மாதிரி பொறக்குது. 1907-ல செஞ்ச பிரெஞ்சு வண்டி இனிமே ஒன்னு பொறக்குமா? ஒலகத்துலேயே இது மாதிரி மூணோ நாலோதான் இருக்குன்னு தொர சொல்றாரு. ஒம்மவ மாதிரி எத்தன பேரு இருக்காங்க, நீயே சொல்லு. எது அருமையோ அதைத்தானே நாம காப்பாத்தணும்?"

அர்ஜுனன் எழுந்து வந்தார். அந்த மனிதரை அங்கேயே நாலு அறை விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. நானும் பத்திரிகைக்காரன்தான், விட்டிருக்கமாட்டேன்.

பஷீர்தான் வழி சொன்னார். சங்கத்தின் வருஷாந்தர ஓட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைத் திடலிலிருந்து தண்ணீர்மலைவரை பழைய கார்கள் ஊர்வலம் போகும். அந்த வருஷம் கர்னல் ஏறிவரப்போவது பிரெஞ்சுக்காரியில்.

"ஓடாத வண்டி எப்புடிண்ணே ஓடும்? கயிறு கட்டி இழுக்கத்தான் செய்வாங்க. இழுக்க ஆள் எடுக்குறாங்க, போய் நில்லுங்க" என்றார் பஷீர்.

"என்னய அடையாளம் தெரிஞ்சிடுமே பாய்?"

"கயித்தப் புடிக்கறவன் மூஞ்சிய எந்தத் தொர பாத்தான்?"

அவர் சொன்னது சரிதான். அதற்கு விதியே இருந்தது. கார்களை ஆள் இழுப்பது சங்கத்துக்குக் கௌரவக் குறைவு. ஆள் இழுக்காமல் அவை நகராது. இந்தச் சிக்கலைக் கர்னல் ஒரே விதியில் தீர்த்திருந்தார்: இழுப்பவர்கள் இல்லை. அவர்களுக்கு ரோட்டின் நிறத்தில் சாம்பல் சட்டை கொடுப்பார்கள். அதைப் போட்ட ஆளை உறுப்பினர் எவரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பார்த்ததாக ஒப்புக்கொண்டவர் அன்றே சங்கத்தை விட்டு நீக்கப்படுவார். முந்தின வருஷம் ஒரு சாம்பல் சட்டைக்காரர் கார் சக்கரத்தில் கால் மாட்டி அலறியபோது, உறுப்பினர்கள் அத்தனை பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் பேண்டு முழங்கியது. முனிசிபாலிட்டி இஞ்சினியர் தம் ரோடு கெட்டுவிடும் என்று பிடிவாதம் பிடித்ததால், டயர்களில் வேறு வழியில்லாமல் உள்ளூர்க் காற்றை அடித்திருந்தார்கள். அலாவுதீன் ஒரு தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஜனங்களுக்குத் தமிழில் அறிவித்தார்.

"எல்லாரும் வண்டியப் பாருங்க! கயித்தப் பாக்காதீங்க! கயித்தப் புடிச்சிருக்கறவங்களப் பாக்கவே பாக்காதீங்க! அவங்க கிடையாது!"

கிடையாதவர்களில் ஒருவராக அர்ஜுனன் நின்றார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்க ஒரு ஆள் வேண்டும் என்றதும் தாமாகவே முன்வந்தார். பின் இருக்கையில் கர்னல், தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, கடவுள் தமக்குக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

நம்முடைய ஜனங்கள் வேறு ஒன்று செய்தார்கள். பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையை நோக்கிக் கயிறு கட்டி ஒரு வண்டி இழுபட்டுப் போனால், அது சாமி. தைப்பூசத்துக்கு அப்படித்தான் போகும். எனவே வீட்டுக்கு வீடு வாசலில் நீர் தெளித்து, தேங்காயும் கற்பூரத் தட்டுமாகக் காத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தது என்ன சாமி என்பதில்தான் அபிப்பிராய பேதம். சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு முனியாண்டி என்றார்கள் பாதிப்பேர். வழியெல்லாம் தேங்காய் சிதறியது. கர்னல் கண்கலங்கி, "பழைய கார்களின் அருமை இந்த மக்களுக்கும் புரிந்துவிட்டது" என்று பின்னால் வந்தவரிடம் சொன்னார்.

சூலியா ஸ்ட்ரீட் முனையில் நல்லம்மாள் நின்றாள். கையில் கற்பூரத் தட்டு. நேராக வந்து வண்டியின் குறுக்கே நின்றுவிட்டாள். ஊர்வலம் நின்றது. அவள் நிதானமாகச் சுற்றிக் காட்டினாள். நிதானமென்றால், உலகத்தில் எந்தச் சாமிக்கும் அவ்வளவு நிதானமாகச் சுற்றியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பஷீர், இழுப்பவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்த பெரிய கெண்டியோடு வண்டியின் பின்பக்கம் போனார். தொட்டியைத் திறந்து கெண்டியைக் கவிழ்த்தார். கெண்டியில் இருந்தது தேநீர் அல்ல. "கற்பூரத்த அந்தாண்ட கொண்டுபோங்கக்கா, எல்லாரும் சேந்து சொர்க்கத்துக்குப் போயிடுவோம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அர்ஜுனன் முன்னால் வந்து கைப்பிடியைச் சுழற்றினார். பிரெஞ்சுக்காரி இருமினாள். மறுபடி சுழற்றினார், மறுபடி இருமினாள். ரேடியேட்டரில் இரண்டு தட்டுத் தட்டி, எழுத முடியாத ஒரு வார்த்தையால் திட்டினார். அவள் எழுந்தாள். தெருவே அதிர்ந்தது. பேண்டு நின்றது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைக் கழற்றி எறிந்தார்கள். அதில் ஒருவர், யாரும் சொல்லாமலே, தம் சாம்பல் சட்டையைக் கழற்றி நல்லம்மாளிடம் வீசினார். அதைச் சேலைமேல் போட்டுக்கொண்டு, சங்க விதிப்படி அவளும் இல்லாமல் போனாள். ஏறி முன்னால் உட்கார்ந்தாள்.

"தலைவர் ஏறின மகிமையில வண்டி தானா எழுந்திருச்சு!" என்று அலாவுதீன் தகரக் குழாயில் அலறினார். ஜனங்கள் அரோகரா போட்டார்கள். வண்டி தண்ணீர்மலைப் பக்கம் போகாமல், சூலியா ஸ்ட்ரீட்டில் திரும்பி, கடலை நோக்கிப் பறந்தது.

கர்னல் என்ன செய்வார்? நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால் ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும். ஆள் இருப்பதாக ஒப்புக்கொண்டால் தலைவர் பதவி போகும். தெருவெல்லாம் ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். ஃபெர்ரித் துறையில் துரையைக் கண்டதும் துறைக் கதவைத் திறந்து சலாம் வைத்து வண்டியை ஏற்றினார்கள். அக்கரையில் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தபோது அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். விளக்கைப் பார்த்துப் பேசினார்.

"அன்புள்ள காரே, சற்று மெதுவாகப் போகலாமே."

அர்ஜுனன் மெதுவாகப் போனார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "காருகிட்ட மட்டும் ரொம்ப மரியாதையாத்தான்லா பேசுறாரு."

தாசேக் கெலுகோர் தாண்டிச் செம்மண் தடம் வந்தது. முந்தின நாள் மழை. பிரெஞ்சுக்காரி உயரக்கால் வைத்துச் சேற்றில் நடந்தாள். தோட்டத்து வாசலில் ஒரு பலகை இருந்தது. அதில் கம்பெனியின் பேரும், அதன் கீழே டைரக்டர்களின் பேரும் எழுதியிருந்தன. முதல் பேர் கர்னல் விட்டேகர்.

அந்தத் தோட்டத்தின் லாபத்தில்தான் நார்தாம் ரோட்டுப் பங்களாவின் பித்தளை விளக்குகள் பளபளத்தன. லயத்துக்கு அவர் அதற்குமுன் வந்ததில்லை. இப்போது வண்டி லயத்தின் நடுவிலேயே நின்றது. ஒழுகும் தகரக் கூரைகள். சாக்கடையை ஒட்டிக் கிணறு. பாதி லயம் காலி, ஆட்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையைக் கண்டு வேலை போயிற்று என்று நடுங்கிக் கைகட்டி வரிசையாக நின்றார்கள். ஒரு கிழவர் தைரியமாக முன்னே வந்து, "தண்ணி குடிக்க முடியலங்க தொர. புள்ளைங்க சாவுது" என்றார். கர்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்க்காமலிருக்கும் அந்த வேலையை எந்தச் சங்கமும் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தனலெட்சுமியை இரண்டு பெண்கள் தாங்கிக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. "வந்துட்டீங்களாப்பா" என்றாள். அர்ஜுனன் அவளை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மகளைப் பின் இருக்கையில், கர்னலுக்குப் பக்கத்தில் ஏற்றினார். இடம் போதவில்லை என்றதும் நல்லம்மாள் காற்றைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக் குந்து சாமி" என்றாள். கர்னல், காரின் விருப்பம் அதுவானால் என்பதுபோல், தள்ளி உட்கார்ந்தார். புருஷனின் சாம்பல் சட்டையைக் கழற்றி வாங்கி மகள்மேல் போர்த்தினாள் தாய்.

திரும்பும் வழியில் இடுப்புவலி கண்டது. தனலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைப் பற்றினாள். அகப்பட்டது கர்னலின் வலது கை. வெள்ளைக் கையுறையோடு சேர்த்து நெரித்தாள். வலி வரும்போதெல்லாம் நெரித்தாள். பட்டர்வொர்த் வரைக்கும், ஃபெர்ரியிலும், துறையிலிருந்து டத்தோ கிராமாட் வரைக்கும் அவள் விடவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் தனக்குக் கேட்டதாக நல்லம்மாள் சத்தியம் செய்கிறாள். அத்தனைக்கும் கர்னல் வாயைத் திறக்கவில்லை. இல்லாத ஒருத்தி பிடித்தால் வலிக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் டத்தோ கிராமாட்டில், தாய்வீட்டில், தனலெட்சுமிக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரி வாசலிலேயே நின்றாள். அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. வரவும் முடியாது, வண்டியை யார் கொண்டுபோனது என்று சொல்லவேண்டியவர் கர்னல். பின் இருக்கையில் பனிக்குடம் உடைந்த ஈரம் இருந்தது. நல்லம்மாள் அதைக் கழுவி, ரேடியேட்டரில் தன் கையாலேயே விபூதி பூசினாள்.

வருஷாந்தர விருந்து அடுத்த வாரம் நடந்தது. கர்னலுக்குத் தங்க மெடல் கொடுத்தார்கள். முதிய காரில் இவ்வளவு தூரம் போனவர் கிழக்கு நாடுகளிலேயே இல்லை என்றார் அலாவுதீன். கர்னல் பதில் சொல்ல எழுந்தார். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்ததால் கோப்பையை இடது கையில் உயர்த்தினார்.

"கனவான்களே, அந்த அருமையான கார் தன் விருப்பப்படி என்னைத் தாசேக் கெலுகோரில் உள்ள நமது தோட்டத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே ஆட்கள் கஷ்டப்படுவதாகச் சில பத்திரிகைகள் எழுதுகின்றன. நான் நேரில் போய்ப் பார்த்தேன். லயத்தின் நடுவிலேயே வெகுநேரம் இருந்தேன். அங்கே நான் யாரையும் பார்க்கவில்லை."

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.